படவிழாவில் பிள்ளைகளுக்கு என்ன வேலை?

"படவிழா" என்னும் சொல் நம் இல்லங்களில் நல்ல பெயர் எடுத்த சொல்லன்று. கல்லூரியிலிருந்து வந்த மகள், "உம்மா, எங்கள் கல்லூரியில் மூன்று நாள் திரைப்பட விழா நடக்கப் போகிறது, தொண்டராகப் பெயர் கொடுத்திருக்கிறேன்" என்று சொன்னால், பல வீடுகளில் உடனே வரும் மறுமொழி "வேண்டாம்" என்பதாகத்தான் இருக்கும். மகன் சொன்னால் வாப்பா, "படிக்க அனுப்பினேனா, படம் காட்ட அனுப்பினேனா?" என்று கேட்பார்.

இக்கேள்வியில் நியாயமே இல்லை என்று நாம் கூறமாட்டோம். பிள்ளைகள் எங்கே போகிறார்கள், யாருடன் பழகுகிறார்கள், எந்நேரம் வீடு திரும்புவார்கள் என்று விசாரிப்பது பெற்றோரின் கடமை. எனினும், இப்பொழுது கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடைபெறும் விழாக்களுள் ஒருவகை, நாம் சினிமா என்று அறிந்துள்ளதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. அதுதான் சுற்றுச்சூழல் திரைப்பட விழா. அங்கே திரையிடப்படுபவை பெரும்பாலும் ஆவணப்படங்கள். வற்றிப்போன ஆறும், அழிக்கப்படும் காடும், கடலில் அருகி வரும் மீனினமும், குப்பைமேட்டருகே வாழும் மக்களுமே அவற்றின் கதைமாந்தர்கள்.

இத்தகைய விழாவை நடத்துவதில் மாணவர்கள் செய்யும் வேலை யாது? அதனால் அவர்கள் பெறுவது யாது? வீட்டிலுள்ளோர் எந்த அளவுக்கு இடங்கொடுக்கலாம்? இவற்றை இம்மாதம் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

விழாக்கள் பிறந்த வரலாறு

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் 1993ஆம் ஆண்டு ஃப்ளோ ஸ்டோன் என்னும் பெண்மணி ஒரு சுற்றுச்சூழல் திரைப்பட விழாவைத் தொடங்கினார். அவ்விழா ஒரே திரையரங்கில் முடங்கிவிடவில்லை. நகரத்து அருங்காட்சியகங்கள், நூலகங்கள், பல்கலைக்கழகங்கள், வெளிநாட்டுத் தூதரகங்கள் எனப் பல இடங்களில் படங்கள் திரையிடப்பட்டன. படம் பார்க்க மக்களை ஓரிடத்திற்கு அழைப்பதற்குப் பதிலாக, மக்கள் கூடும் இடங்களுக்கே படங்களைக் கொண்டு சென்றனர்.

நம் நாட்டில் டில்லியிலுள்ள ஊடக ஆய்வு மையம் 2002ஆம் ஆண்டு "வாதாவரண்" என்னும் பெயரில் இத்தகைய விழாவொன்றைத் தொடங்கியது. இந்தியில் அச்சொல்லுக்குச் சுற்றுப்புறம் என்பது பொருள். அவ்விழாவும் தலைநகரோடு நின்றுவிடாமல், பிற நகரங்களுக்குப் பயணம் மேற்கொண்டது.

இவையிரண்டும் பெரியவர்கள் தொடங்கியவை. மாணவர்களே தொடங்கிய விழா ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் 1900ஆம் ஆண்டு முதல் ஒரு வன இயல் பள்ளி இயங்கி வருகிறது. காடுகளைப் பேணும் அதிகாரிகளை உருவாக்குவதற்காகத் தோன்றிய அப்பள்ளி, காலப்போக்கில் நீர், காற்று, நகரம், தட்பவெப்பம் ஆகிய யாவற்றையும் கற்பிக்கும் நிறுவனமாக வளர்ந்தது. 2020ஆம் ஆண்டு "சுற்றுச்சூழல் பள்ளி" எனப் பெயர் மாறியது. அப்பள்ளியின் மாணவர்கள் 2009ஆம் ஆண்டு ஒரு சுற்றுச்சூழல் திரைப்பட விழாவைத் தொடங்கினர். பல்கலைக்கழகத்தாருக்கு மட்டுமன்றி ஊர் மக்களுக்கும் அனுமதி இலவசம் என்று அறிவித்தனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவர்கள் சினிமாக்கலை பயிலும் மாணவர்கள் அல்லர். மண்ணையும் மரத்தையும் நீரையும் பற்றிப் படிப்பவர்கள். தாம் வகுப்பறையில் கற்பதை, வகுப்பறைக்கு வர இயலாத மக்களிடம் எவ்வாறு சேர்ப்பது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடையே அந்த விழா.

தெரிவு செய்யும் பொறுப்பு

விழா நாளில் நுழைவாயிலில் நின்று வரவேற்பதுதான் தொண்டர்களின் வேலை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையான வேலை அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. படங்களை அனுப்புமாறு அறிவிப்பு வெளியிட வேண்டும். வந்து குவியும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மதிப்பெண் இட வேண்டும். ஒருவர் சிறந்தது என்பதை மற்றொருவர் ஏற்கமாட்டார். இருவரும் காரணம் கூறி வாதிட வேண்டும். இறுதியில் பெரும்பாலானவற்றை விலக்கிச் சிலவற்றை மட்டும் ஏற்க வேண்டும்.

இப்பணியில் மாணவர் கற்கும் முதற்பாடம், கண்ணால் காண்பதெல்லாம் மெய்யாகிவிடாது என்பதாகும். இதற்கு ஒரு சான்று கூறலாம். 1958ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னி நிறுவனம் "ஒயிட் வில்டர்னஸ்" என்னும் ஆவணப்படத்தை வெளியிட்டது. வடதுருவத்தை அடுத்த குளிர்நாடுகளில் வாழும் லெமிங் என்னும் எலி போன்ற சிறு பிராணிகள், கூட்டங்கூட்டமாகச் சென்று நீரில் விழுந்து மடிவதாக அப்படம் காட்டியது. படத்திற்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. உலகெங்கும் மக்கள் அதை நம்பினர். 1980களின் தொடக்கத்தில் கனடா நாட்டுத் தொலைக்காட்சி ஒன்று விசாரித்தபொழுது, அப்பிராணிகள் வேறிடத்திலிருந்து விலைக்கு வாங்கி வரப்பட்டு, படப்பிடிப்புக் குழுவினராலேயே மேட்டிலிருந்து தள்ளப்பட்டன என்ற செய்தி வெளியாயிற்று.

அழகாக எடுக்கப்பட்டது, விருது பெற்றது, பெரிய நிறுவனத்தின் படைப்பு ஆகிய எதுவும் உண்மைக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஆகவே, ஒரு படத்தைப் பார்க்கும் மாணவர் குழு, இந்தக் காட்சி எங்கே எப்பொழுது எடுக்கப்பட்டது, இந்தக் கணக்கை யார் சொன்னார்கள், குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பேச இடங்கொடுக்கப்பட்டதா என்று கேட்கப் பழகுகிறது. இன்று கைப்பேசியில் நிமிடத்திற்கு ஒரு படம் வந்து விழுகிறது. வந்ததை வந்தபடியே பத்துப்பேருக்கு அனுப்பும் வழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. கேள்வி கேட்டுப் பார்க்கப் பழகிய பிள்ளை ஒன்று வீட்டில் இருப்பது அவ்வீட்டிற்கே பாதுகாப்பு அல்லவா?

இரண்டாவது பாடம் நேர்மையைப் பற்றியது. ஒரு படத்தின் பிரதியை விலைக்கு வாங்கிவிட்டால் மட்டும் அதைப் பலர் முன்னிலையில் திரையிடும் உரிமை வந்துவிடாது. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படங்களையும் காக்கிறது. உரிமையாளருக்கு எழுதி, அனுமதி பெற்று, கேட்கும் கட்டணத்தைச் செலுத்திய பின்னரே திரையிட வேண்டும். பல சிறிய ஆவணப்படங்களை எடுத்தவர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள். அவர்களுடைய உழைப்பைக் கேளாமல் எடுத்துக் கொள்வது எவ்வளவு எளிது என்பதும், எவ்வளவு தவறு என்பதும் ஒரு கடிதம் எழுதும் வேலையில் மாணவருக்கு விளங்கிவிடுகிறது.

அரங்கத்தில் ஒரு நாள்

விழா நாட்களில் வேலை பலவகையாகப் பிரிகிறது. ஒருவர் படம் காட்டும் கருவியையும் ஒலியையும் முன்கூட்டியே சோதிக்கிறார். ஒருவர் திரையின் அடியில் ஓடும் எழுத்துகள் கடைசி வரிசைக்குத் தெரிகின்றனவா என்று பார்க்கிறார். முதியோருக்கும், சக்கர நாற்காலியில் வருவோருக்கும் வழி விடப்பட்டிருக்கிறதா என்பதை ஒருவர் கவனிக்கிறார். விருந்தினரை இரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருதல், வந்தோரை எண்ணிக் குறித்தல், நிகழ்ச்சி நேரத்தைக் காத்தல், கணக்கு எழுதுதல் என வேலைகள் நீள்கின்றன.

வீட்டில் ஒரு தட்டைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை அங்கே நூறு நாற்காலிகளை அடுக்கி வைப்பதைக் கண்டு தாய்மார்கள் வியப்படையலாம். பொறுப்பு என்று ஒன்றைக் கையில் கொடுத்து, "இது தவறினால் நீதான் பதில் சொல்ல வேண்டும்" என்று சொல்லும்பொழுது இளம்பருவத்தினர் மாறுகிறார்கள். இதை வீட்டிலும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்விழாக்களில் பெரிதும் மதிக்கத்தக்க பகுதி, படம் முடிந்த பின் நடைபெறும் கலந்துரையாடல். விளக்குகள் எரிந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவதில்லை. படம் எடுத்தவரோ, துறை அறிந்த ஒருவரோ, பாதிக்கப்பட்ட ஊர்க்காரரோ மேடைக்கு வருகிறார். கேள்விகள் எழுகின்றன. அரங்கில் அமர்ந்திருப்பவருள் தொழிலதிபரும் இருப்பார். அத்தொழிலால் நிலம் இழந்த உழவரும் இருப்பார். இருவரையும் பேசவிட்டு, ஒருவர் மற்றவரை இழிவுபடுத்தாமல் பார்த்துக் கொள்ளும் பொறுப்பு இருபது வயது மாணவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. மாற்றுக் கருத்துடையவரிடம் கோபமின்றிப் பேசுவதும், அவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதும் எளிய பயிற்சியன்று. நம் சங்கங்களின் கூட்டங்களையும் குடும்பப் பஞ்சாயத்துகளையும் கண்டவர்கள் இதன் அருமையை நன்கு அறிவார்கள்.

படம் எதையேனும் மாற்றுமா?

"படம் பார்த்து ஆறு சுத்தமாகிவிடுமா?" என்று கேட்பவர் உண்டு. ஆகாதுதான். ஆயினும், படம் ஒன்று உரியவர் கண்ணில் உரிய வேளையில் பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன.

குஜராத் மாநிலக் கடலோரத்தில் திமிங்கலச் சுறா என்னும் மீன் வேட்டையாடப்பட்டு வந்தது. மீனினங்களிலேயே மிகப் பெரியது அது. மனிதருக்கு எத்தீங்கும் செய்யாதது. மைக் பாண்டே என்னும் படைப்பாளர் அவ்வேட்டையை "ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்" என்னும் ஆவணப்படமாக எடுத்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டே, 2001இல், இந்திய அரசு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறாவைச் சேர்த்தது. அச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற முதல் மீன் அதுவே.

சட்டம் வந்ததோடு கதை முடிந்திருந்தால் நாம் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வேட்டையாடி வந்த மீனவர்கள் ஏழைகள். சட்டத்தை மட்டும் காட்டி அவர்களை அச்சுறுத்தியிருந்தால், வேட்டை இரவில் தொடர்ந்திருக்கும். 2004ஆம் ஆண்டு முதல் தொண்டு நிறுவனங்களும் வனத்துறையும் மீனவக் குப்பங்களுக்கே சென்று பேசின. வலையில் சுறா சிக்கினால் வலையை அறுத்து அதை விடுவிக்கும் மீனவருக்கு, அறுந்த வலைக்கான இழப்பீடு வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதன் பின்னர் நூற்றுக்கணக்கான சுறாக்களை மீனவர்களே கடலுக்குத் திருப்பி அனுப்பினர்.

கர்நாடகத்தின் குதிரைமுகம் மலைப்பகுதியில் பொதுத்துறை நிறுவனம் ஒன்று இரும்புத்தாது வெட்டி வந்தது. மழைக்காலத்தில் சுரங்க மண் கரைந்து பத்திரை ஆற்றில் கலந்தது. சென்னையைச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி 2001ஆம் ஆண்டு அதைக் குறித்துச் சில நிமிடங்களே ஓடும் ஒரு குறும்படம் எடுத்தார். இயற்கை ஆர்வலர்கள் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2002ஆம் ஆண்டு நீதிமன்றம் ஆணையிட்டது. 2005ஆம் ஆண்டு இறுதியில் சுரங்கம் நின்றது. படத்தால் மட்டுமே நின்றது என்று கூறுவது மிகை. ஆவணங்களைத் திரட்டியவர்கள், வழக்காடியவர்கள், ஊர் ஊராகப் பேசியவர்கள் எனப் பலருடைய உழைப்பு அதில் உண்டு. அப்பலருக்கும் ஒரே காட்சியைக் கண்முன் நிறுத்தியது படம் செய்த வேலை.

படத்தை எடுப்பவர் ஒருவர். தீர்மானம் செய்பவர் மற்றொருவர். இருவருக்கும் இடையே அதைக் கொண்டு சேர்ப்பவர் ஒருவர் வேண்டும். திரைகட்டி, நாற்காலி போட்டு, அழைப்பிதழ் கொடுத்து, கதவருகே நிற்கும் மாணவர் செய்வது அந்த வேலைதான்.

நம்மவர் கதை ஒன்று

இத்தகைய படங்களுக்கும் நம் வாழ்க்கைக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர், "ஆல் தட் பிரீத்ஸ்" என்னும் ஆவணப்படத்தைப் பற்றி அறிய வேண்டும். ஷௌனக் சென் இயக்கிய அப்படம் 2022ஆம் ஆண்டு வெளிவந்து, அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவிலும் பிரான்ஸின் கான் விழாவிலும் பரிசு பெற்றது. 2023ஆம் ஆண்டு ஆஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

அதன் நாயகர்கள் யார் தெரியுமா? டில்லியின் வஜீராபாத் பகுதியில் வாழும் நதீம் ஷெஹ்ஸாத், முஹம்மது சவூத் என்னும் இரு சகோதரர்கள். டில்லியின் வானத்தில் வட்டமிடும் பருந்துகள், பட்டம் விடும் நூலில் சிக்கிச் சிறகறுந்து விழுகின்றன. அடிபட்ட பருந்தொன்றை இவர்கள் பறவை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபொழுது, அது புலால் உண்ணும் பறவை என்று கூறி ஏற்க மறுத்துவிட்டார்கள். அதனால் தாமே கற்றுக்கொண்டு, தம் வீட்டுக் கீழ்த்தளத்தில் சிகிச்சை செய்யத் தொடங்கினர். கைகழுவும் திரவத்திற்கான கருவிகளைச் செய்து விற்பது அவர்களுடைய தொழில். அத்தொழிலில் வருவதைக் கொண்டு, ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு மருத்துவம் பார்த்துள்ளனர்.

உலகத்தின் பெரிய அரங்குகளில் மக்கள் எழுந்து நின்று கைதட்டிய இம்மனிதர்களை நம் இல்லங்களில் எத்தனைபேர் அறிவோம்? ஒரு கல்லூரி விழாவில் மாணவர்கள் இப்படத்தைத் தெரிவு செய்து திரையிட்டால், நம் சமுதாயத்தைப் பற்றி அறியாத நண்பர்களுக்கும் நல்லதோர் அறிமுகம் கிடைக்கும்.

நம் ஆறு திரையில் வந்தால்?

இதுவரை கூறியவை கேட்பதற்கு இனியவை. குஜராத்தின் சுறாவையும் கர்நாடகத்தின் மலையையும் டில்லியின் பருந்தையும் பற்றிப் பேசும்பொழுது நம்மில் யாருக்கும் வருத்தமில்லை. சுற்றுச்சூழல் விழா நடத்தும் மாணவர்கள் எந்த நாட்டிலும் சந்திக்கும் கடினமான கேள்வி வேறு. தங்கள் ஊரின் தவற்றைச் சொல்லும் படம் வந்தால் என்ன செய்வது என்பதே அக்கேள்வி. நம் சமுதாயப் பிள்ளைகள் இதைச் சந்திக்க வேண்டுமானால் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பாலாறு போதும்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வருகிறது. நம் சமுதாயத்தார் பலருக்கு அது வாழ்வளித்தது. அத்தொழிலில் ஈட்டிய செல்வத்தால் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தன. அங்கே எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயின்றனர். பிறரும் நாமும் நன்றியோடு நினைக்க வேண்டிய கொடை அது. அதே வேளையில், அத்தொழிலின் கழிவுநீர் மண்ணையும் கிணறுகளையும் கெடுத்ததும் மறுக்க இயலாத உண்மை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், தோல் தொழில் மண்டலத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்ற ஆய்வு எடுத்துரைக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநாட்டிய தீர்ப்பு அது.

அதன் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின; தொழில் முறைகளும் மாறின. ஆயினும் துயரம் தீர்ந்துவிடவில்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுச்சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் மாண்டனர். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றின் நிலையை ஆராய்ந்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

இப்பொழுது ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். அவ்வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் சுற்றுச்சூழல் படவிழா நடத்துகிறார்கள். பாலாற்றைப் பற்றிய படமொன்றைத் தெரிவு செய்ய விரும்புகிறார்கள். குழுவில் இருப்பவருள் ஒருவரின் தந்தை தோல் தொழிற்சாலை உரிமையாளர். மற்றொருவரின் தந்தை அங்கே கூலி வேலை செய்பவர். மூன்றாமவரின் குடும்பம் ஆற்றங்கரையில் தென்னந்தோப்பை இழந்தது. விழாச் செலவுக்கு நன்கொடை கொடுப்பவரும் அதே தொழிலைச் சேர்ந்தவராக இருக்கக்கூடும். பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அமேசான் காட்டைப் பற்றிய படத்தைப் போட்டுவிட்டு அமைதியாக வீடு திரும்புவது எளிய வழி. யாருக்கும் மனவருத்தம் இராது. யாருக்கும் பயனும் இராது. பாலாற்றுப் படத்தைப் போட்டு, தொழிலதிபரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கைதட்டு வாங்குவதும் எளிய வழியே. அதனால் வாசல்கள் மூடப்படும். அடுத்த ஆண்டு விழா நடைபெறாது.

இவ்விரண்டையும் விடக் கடினமான வழி ஒன்றுண்டு. படத்தைத் திரையிட வேண்டும். திரையிட்ட பின், சுத்திகரிப்பு நிலையத்தின் பொறியாளரையும், தோப்பை இழந்த உழவரையும், தொழிற்சாலை உரிமையாளரையும், தோல் தொட்டியில் இறங்கி வேலை செய்த தொழிலாளியையும் ஒரே மேடையில் அமர்த்தி, ஒவ்வொருவரும் பேசக் கேட்க வேண்டும். செலவு எவ்வளவு, செய்ய முடிந்தது யாது, செய்யாமல் விட்டது யாது என்று கேட்க வேண்டும். அம்மேடையில் தம் தந்தையும் அமர்ந்திருக்க, மகன் மரியாதை குறையாமல் கேள்வி கேட்க வேண்டும்.

அவ்வாறு ஒரு நாள் நம் ஊர்களில் நடைபெறுமாயின், அன்று பெரியவர்கள் மனம் நோகலாகாது. நம் பிள்ளைகள் நம்மை இழிவுபடுத்துகிறார்கள் என்று எண்ணலாகாது. தொழிலை விட்டுவிடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. அத்தொழிலைத் தலைநிமிர்ந்து நடத்தும் வழியைத்தான் கேட்கிறார்கள். பிறர் நம்மைக் குறைகூறுமுன் நம் பிள்ளைகள் நம்மைத் திருத்துவது சமுதாயத்திற்கு ஆக்கமே தரும்.

கூட்டம் கலைந்த பின்

விழாவின் தரத்தை அறிய விரும்புவோர் கடைசிப் படம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அரங்கத்திற்குச் செல்ல வேண்டும். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றிய படம் பார்த்தவர்கள் நாற்காலிகளுக்கு அடியில் தண்ணீர்ப் புட்டிகளை விட்டுச் சென்றிருந்தால், படம் கண்ணோடு நின்றுவிட்டது என்று பொருள். ஆகவே இவ்விழாக்களில் அக்கறையுள்ள மாணவர்கள், கழுவிப் பயன்படுத்தும் குவளைகளை வைக்கிறார்கள். துணிப் பதாகைகளைத் தேதியில்லாமல் எழுதி மறுஆண்டும் பயன்படுத்துகிறார்கள். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்து எடுக்கிறார்கள்.

இவ்வழக்கத்தை அவர்கள் வீட்டிற்கும் கொண்டு வருவார்கள்; அதற்கு நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடை செய்யப்பட்டுள்ளன. எனினும் நம் திருமண விருந்துகளில் ஒவ்வொரு இலைக்கும் ஒரு சிறிய தண்ணீர்ப் புட்டி வைப்பது மரியாதையாகக் கருதப்படுகிறது. பாதி குடித்து மீதியை வைத்துவிட்டுப் போகிறோம். ஆயிரம் பேர் உண்ணும் விருந்தில் ஆயிரம் புட்டிகள். "வாப்பா, அக்காவின் நிக்காஹ் விருந்தில் பழையபடி கூஜாவும் குவளையும் வைக்கலாமே" என்று விழாவில் தொண்டாற்றிய மகன் கேட்டால், "கௌரவம் என்ன ஆவது?" என்று அவன் வாயை அடைத்துவிட வேண்டாம். நம் பாட்டிமார்கள் கூஜாவில் நீர் ஊற்றி நடத்திய விருந்துகளில் கௌரவத்திற்குக் குறைவிருந்ததாக யாரும் கூறியதில்லை.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோர் அனுமதி வழங்குமுன் விசாரிக்க வேண்டியவற்றைத் தயக்கமின்றி விசாரிக்கட்டும். விழாவை நடத்துவது யார்? பொறுப்பான பேராசிரியர் யார்? திரையிடப்படும் படங்களின் பட்டியல் எங்கே? வேலை எத்தனை மணிக்கு முடியும். வீடு திரும்ப என்ன ஏற்பாடு? பெண்பிள்ளைகளுக்குத் துணையாகத் தோழியர் உண்டா? தேர்வுக் காலத்தோடு விழா மோதுகிறதா? ஒழுங்காக நடைபெறும் விழாவில் இக்கேள்விகள் அனைத்திற்கும் விடை எழுத்திலேயே இருக்கும். விடை கிடைத்த பின்னும் "படவிழா" என்னும் பெயருக்காக மட்டும் மறுப்பது சரியாகுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இயன்றால் ஒரு நாள் மாலை தாங்களும் சென்று பார்ப்பது இன்னும் நன்று. சிறு பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். விழாவில் தொண்டாற்றுவது படிப்பைப் புறக்கணிக்கக் கிடைத்த அனுமதிச் சீட்டு ஆகாது. வீட்டிற்கு ஒரு நேரம் சொன்னால் அந்த நேரத்திற்குத் திரும்புங்கள். சான்றிதழுக்காகவும் புகைப்படத்திற்காகவும் பெயர் கொடுக்காதீர்கள். கொடுத்தால், கடைசி நாற்காலியை அடுக்கும்வரை நில்லுங்கள். திரையில் கண்டதை வீட்டில் வந்து பொறுமையாகச் சொல்லுங்கள். உம்மாவும் வாப்பாவும் கேட்கும் முதல் கலந்துரையாடல் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலேயே நடைபெறட்டும். முடிந்தால், உங்கள் ஊரின் ஆற்றையோ குளத்தையோ ஊருணியையோ பற்றி ஐந்து நிமிடப் படமொன்று எடுத்துப் பாருங்கள். அந்நீரை அள்ளிக் குடித்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய காலம் இது.

அடுத்த முறை உங்கள் மகளோ மகனோ படவிழா என்ற சொல்லோடு வீட்டிற்குள் நுழைந்தால், "வேண்டாம்" என்று சொல்லுமுன், "என்ன படம்? உனக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.